பிரிக்காத பொட்டலம்

பெருமக்களே, இந்த அநீதிக்கு நீங்கள் சாட்சியாக நில்லுங்கள்.

கொடுமுடிக்கு அருகே ஓர் அம்மன் கோயிலில் புவனா பூவாக்குக் கேட்டாள். அடிக்கும் கணவனை விட்டுப் போகலாமா? வெள்ளைப் பூ வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் கூடாது. கேள்வியை மனத்துக்குள்தான் வைத்தாள். எவரிடமும் சொன்னதில்லை, எங்கும் தேடிப் பார்த்ததுமில்லை. பூசாரி எடுத்துத் தந்த இலைப் பொட்டலத்தைப் பிரிக்கத் துணிவின்றி வெளியே வந்தாள்.

அவளுடைய கைப்பேசியோடு கணவன் கிருபாசங்கர் வாசலில் நின்றிருந்தான்.

"சாமிகிட்ட என்ன கேட்டே அம்மணி?"

"பாப்பா படிப்புக்குத்தானுங்க."

அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். ஒரு விளம்பரம்: 'வெள்ளைப் பூ வந்திருக்கிறது. போத்தனூரில் பெண்களுக்குத் தனி அறை. இன்றே குடியேறலாம்.'

"என்ற போனுக்கும் இதே வந்துச்சு" என்றான். "எங்கே, அதைப் பிரி கண்ணு, பார்க்கலாம்."

புவனா பொட்டலத்தை இறுக மூடிக்கொண்டாள். இலையிடுக்கில் ஓர் இதழ் வெளியே தெரிந்தது. அது வெள்ளை.

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கிவிட்டான். உங்கள் கைப்பேசியில் எதற்கெல்லாம் சம்மதம் என்று அழுத்தினீர்கள்? எடுத்துப் பாருங்கள். தந்த சம்மதத்தை இப்போதே திரும்பப் பெறுங்கள்.