நெட்டுக்குத்தா ஒரு போட்டோ

“தம்பி, அந்தக் கேமராவைக் கொஞ்சம் நெட்டுக்குத்தாத் திருப்பினா கையா சுளுக்கிக்கும்?”

ஸ்வர்ணலதா கேட்டது போட்டோகிராபர் மகேஷிடம். தி.நகர் மண்டபத்தில் மகள் சிந்துவின் ரிசப்ஷன். நாளைக்குக் காலையில் தாலி.

மகேஷ் தலையைச் சொறிந்தான். “திருப்பலாம்மா. மாப்ளதான் வேணாம்ட்டாரு.”

“என்னது, வேணாம்னாரா?”

“ஆமாம்மா. ‘எல்லாத்தையும் படுக்க வச்சே எடுங்க, முட்டிக்குக் கீழ ஒண்ணுலகூட வரக் கூடாது’ன்னாரு. மாப்ள சொன்னா நான் இன்னா பண்றது?”

ஸ்வர்ணலதாவுக்குச் சுருக்கென்றது.

பின்னே? பட்டுக்கடை பொன்ராஜின் மனைவி அவள். ஒற்றை மகளுக்காகக் காஞ்சிபுரத்துத் தறிக்காரரிடம் சொல்லி நெய்து வாங்கிய சேலை. மாம்பழ மஞ்சள், கீழே ஒரு சாண் அகலத்துக்கு அரக்கு பார்டர், அதில் வரிசையாக அன்னம். அந்த அன்னம் அத்தனையும் முட்டிக்குக் கீழேதான் இருக்கிறது!

மாப்பிள்ளை சக்திவேல் ஆறடி. சிந்து அவன் தோளுக்குக்கூட எட்ட மாட்டாள். ஜோடி பார்க்க நன்றாக இருக்க வேண்டுமே என்று பாண்டி பஜார் முழுக்க அலைந்து, நாலு விரல் உயர ஹீல்ஸ் வாங்கி மாட்டிவிட்டதும் ஸ்வர்ணலதாதான்.

“அம்மா, கடிக்குதும்மா” என்று சாயங்காலமே சிணுங்கினாள் பெண்.

“புதுசு அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு நில்லுட்டி” என்று மேடையேற்றிவிட்டாள்.

எல்லாம் எதுக்கு? தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரே ஒரு போட்டோ. வீட்டு ஹாலில் மாட்டுவதற்கு ஆணிகூட அடித்தாயிற்று.

மேடை ஓரத்துப் பெரிய திரையில், எடுக்க எடுக்கப் படம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாமே அகலவாக்கில், பாதி உடம்பு.

நாத்தனார் பேச்சியம்மாள் சும்மா இருப்பாளா? “ஏ ஸ்வர்ணம், பிள்ளைக்குச் சேலை எடுத்தியா, இல்ல ரவிக்கை மட்டும் எடுத்தியா? படத்துல ஒண்ணையும் காணோமே!”

“வரும் மதினி, வரும்.”

சொல்லிவிட்டாளே தவிர, வயிறு எரிந்தது. சேலைக்காக மட்டும் இல்லை. என் பெண்ணை எப்படிப் படம் எடுக்கணும் என்பதைக்கூட அவன்தான் முடிவு பண்ணுவானா? இன்னும் தாலியே ஏறவில்லை. நாளைக்கு அவள் எங்கே போகணும், யாரிடம் பேசணும் என்பதையும் இப்படித்தானே சொல்வான்? இவனிடமா பெண்ணைக் கொடுக்கப் போகிறோம் என்று பயமே வந்துவிட்டது.

விறுவிறுவென்று மேடை ஏறினாள்.

“மாப்ள, ஒரே ஒரு ஃபுல் போட்டோ. எனக்காக.”

சக்திவேல் சிரித்துக்கொண்டே கைகூப்பினான். “வேண்டாம் அத்தை. இப்படியே நல்லா இருக்கு. நாளைக்கு எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கலாம்.”

“நாளைக்கு வேற சேலை, மாப்ள.”

“ப்ளீஸ், அத்தை.”

மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ஆள் இம்மி அசையவில்லை.

“ஏட்டி, நீயாவது சொல்லேன்!”

சிந்து அவனைப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே ‘வேண்டாம்’ என்றான். “இருக்கட்டும்மா” என்றாள் அவள்.

அடேயப்பா, அதற்குள் பெண்ணையும் மடக்கிப் போட்டுவிட்டானா! ஸ்வர்ணலதாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த வேகம்.

“ஆம்பிளைகளுக்கு என்ன தெரியும் சேலையோட அருமை? தம்பி, நீ கேமராவைத் திருப்புப்பா!” என்று சொல்லிக்கொண்டே, கொசுவத்தைச் சரிசெய்ய மகளின் காலடியில் குனிந்தாள்.

“அம்மா, வேணாம்மா...”

அவள் சேலையின் ஓரத்தை ஒதுக்கினாள்.

ஹீல்ஸைக் காணோம். அந்த இடத்தில் ஆம்பிளை ஷூ. கறுப்பு, புத்தம் புதுசு. அதன் பின்பக்கத்தை மிதித்து மடக்கி, செருப்பு மாதிரி ஆக்கியிருந்தது. சிந்துவின் குதிகால் இரண்டும் தோலுரிந்து, ரத்தம் கசிந்து, மெரூன் பட்டுக் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டிருந்தது. சாயங்காலம் மாப்பிள்ளையின் கோட்டுப் பையில் செருகியிருந்த அதே கைக்குட்டை.

ஸ்வர்ணலதா மெல்லத் திரும்பி மாப்பிள்ளையின் காலைப் பார்த்தாள். கோட்டு, சூட்டு, டை எல்லாம் கட்டிக்கொண்டு, வெறும் கறுப்பு சாக்ஸோடு நின்றுகொண்டிருந்தான் அந்த ஆறடி மனுஷன்.

“வரிசை நிக்குது, பாதியில இறங்க முடியல. வெறுங்காலோட நின்னா சேலை தடுக்குது” என்று கிசுகிசுத்தாள் சிந்து. “அதான் அவர் கழட்டிக் கொடுத்தார். ‘அத்தை ஆசையா வாங்கிக் கொடுத்த செருப்பு, இப்படிக் கடிச்சுப் புண்ணாக்கிடுச்சுன்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாங்க. படத்துலகூட வர வேணாம்’னும் அவர்தான்...”

ஸ்வர்ணலதா சேலையை இழுத்து, அந்த ஷூ வெளியே தெரியாமல் பதமாக மூடினாள். எழுந்தபோது கண் நிறைந்துவிட்டது.

கீழேயிருந்து பேச்சியம்மாள் குரல் கொடுத்தாள். “என்ன ஸ்வர்ணம், பார்டர் வருதா, இல்லையா?”

“பார்டர் கிடக்கட்டும் மதினி!”

மகேஷ் கேமராவை நிமிர்த்திப் பிடித்தபடி காத்திருந்தான். “எடுத்துடலாமாம்மா?”

“வேண்டாம்பா. மாப்ள சொன்ன மாதிரி படுக்க வச்சே எடு.”

இரண்டு படி இறங்கியவள் திரும்பி வந்து மகேஷின் காதருகே சொன்னாள்.

“எல்லாரும் போன பிறகு எனக்கு மட்டும் நெட்டுக்குத்தா ஒண்ணு எடுத்துடு தம்பி, ஹால்ல மாட்டணும். சேலை படத்துல வராட்டியும் பரவாயில்லை, ரெண்டு பேர் காலும் நல்லாத் தெரியணும்.”