மூக்கியின் ஆறாவது புத்தகம்

"கொலை, சாவு எதுவும் இருக்கக் கூடாதுங்க. படிச்சா பிள்ளை சிரிக்கணும்" என்றார் அந்த லிப்ட் மெக்கானிக்.

நூலகத்தில் இருபது வருடம் குப்பை கொட்டியவளுக்கு யோசிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. "அப்படின்னா மூக்கி வரிசைதான். பத்து வயசுப் பொண்ணு. தெருவுல எது காணாமப் போனாலும் மோப்பம் பிடிச்சுட்டுப் போய் நிப்பா. முதல் புத்தகத்துல ஹெட்மாஸ்டரோட பல்செட்டை யாரு திருடினாங்கன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள, பாப்பாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சிடும்."

அலமாரியோரம் நின்ற மகளைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "இவ அம்மா வெளியூர் ஆஸ்பத்திரியில இருக்கா. ரொம்ப ஏங்கிப் போயிட்டா. அதான்."

பிறகு சட்டைப் பையிலிருந்து மனைவியின் நூலக அட்டையை எடுத்து, மகள் பெயருக்கு மாற்றித் தரச் சொன்னார்.

"எதுக்குங்க? அவங்க வந்ததும் கேப்பாங்களே. பாப்பாவுக்குப் புதுசாவே போட்டுத் தரேன்."

"இல்லைங்க. மாத்தியே கொடுத்துடுங்க."

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் இருவரும் வந்தார்கள். அவர் வாசலில் ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருப்பார். சிறுமி மட்டும் உள்ளே வந்து, படித்ததைக் கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்வாள்.

ஐந்தாவது புத்தகத்தைக் கொடுத்தபோது கேட்டாள்: "ஆன்ட்டி, மூக்கிகிட்ட மட்டும் எல்லாரும் எப்படி உண்மையைச் சொல்லிடறாங்க?"

"அவ சுத்தி வளைக்காம நேராக் கேட்டுடறாளே, அதான்."

சிறுமி சிரிக்கவில்லை. 'சரி' என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆறாவதைத் திருப்பித் தந்த அன்று, ஏழாவதைக் கையோடு எடுத்து வைத்திருந்தாள் நூலகத்துக்காரி. சிறுமி அதைத் தொடவில்லை.

"எனக்குப் போதும் ஆன்ட்டி. அப்பாவுக்கு ஏதாவது சிரிப்புக் கதை இருந்தா கொடுங்க. சரியாவே சாப்பிட மாட்டேங்கிறாரு. பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழறாரு."

"அம்மா வந்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்டா கண்ணு."

சிறுமி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஸ்கூட்டரில் அப்பா குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். அவள் மேசைமீது எக்கி, கிசுகிசுத்தாள்.

"அந்த ஆஸ்பத்திரிக்கு நானே போன் பண்ணிட்டேன் ஆன்ட்டி. அம்மா பேரு, வயசு எல்லாம் சொன்னேன். ஒரு நர்ஸ் தேடிப் பாத்துட்டு வந்து சொன்னாங்க. பரீட்சைன்னு சொல்லி அப்பா என்னை அத்தை வீட்ல விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாரு, அந்த வாரமே அம்மா செத்துட்டாங்களாம்."

மேசையைச் சுற்றி வந்து பிள்ளையை அணைக்கப் போன நூலகத்துக்காரியை, சிறுமி கையை நீட்டித் தடுத்தாள்.

"வேணாம் ஆன்ட்டி, அப்பா பாத்துடுவாரு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு."