வீட்டுக்கு ஆகாத செடி

மெட்ராஸ் ஐ என்று தெருவுக்கே சொல்லிவிட்டு ஒரு வாரமாகக் கறுப்புக் கண்ணாடியோடு திரிந்த வீட்டுக்காரி சொர்ணலட்சுமி, மூச்சிரைக்க மாடிக்கு ஏறி வந்தாள். அங்கே குடியிருக்கும் கௌசல்யா அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தொட்டிகளில் மண் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இன்னுமா இந்தச் சனியனத் தூக்கிப் போடல?"

"பூச்செடிதானக்கா. யூஃபோர்பியா."

"இங்கிலீசுல பேர் வச்சா கள்ளி ரோசாவாயிருமா? காட்டுல வேலிக்கு நடுறத வீட்டுல வச்சுக் கொஞ்சுறா பாரு!"

திண்டுக்கல்லில் சொந்தமாக ஒரு வீடு இருந்துவிட்டால் போதும், குடியிருப்பவர்கள் மூச்சு விடுவதற்குக்கூடத் தன்னிடம் கேட்க வேண்டும் என்ற நினைப்பு சிலருக்கு வந்துவிடும். சொர்ணலட்சுமிக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வந்திருந்தது.

மணல் கலந்து, வெயில் பார்த்து வைத்து, அளவாகத் தண்ணீர் காட்டி, கௌசல்யா ஆசையாக வளர்த்த செடிகள். அதிலும் அந்த மஞ்சள் பூ, தெருவில் வேறு யாரிடமும் கிடையாது.

"இந்த மஞ்சள்லகூட ஒரு கொப்பக் கொரங்கு ஒடிச்சிட்டுப் போயிருச்சுக்கா. எனக்கு மனசே ஆறல," என்றாள் கௌசல்யா.

சொர்ணலட்சுமிக்கு முகம் சிவந்தது. "கள்ளிப்பால் கண்ணுல தெறிச்சா என்ன ஆகும்னு தெரியுமாடி? மொளகாய அரச்சு அப்புன மாதிரி விடிய விடிய எரியும். இமையத் தொறக்க முடியாது. பிள்ள வச்சிருக்கவ வளக்குற செடியா இது?"

"பாப்பாவக் கிட்டயே விடுறதில்லக்கா..."

"பேசாத. சாயங்காலத்துக்குள்ள செடி வெளிய போகணும். இல்ல, நீ போகணும்!"

மகளின் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். இந்த வாடகைக்கு இவ்வளவு பக்கத்தில் வேறு வீடு எங்கே கிடைக்கும்? கௌசல்யாவுக்கு அழுகை முட்டியது. குப்பையில் போடுவதற்கு முதலில் மஞ்சள் பூத் தொட்டியைத்தான் தூக்கினாள்.

"இப்பத்தான் புத்தி வந்திருக்கு," என்று இளக்காரமாகச் சிரித்தாள் சொர்ணலட்சுமி.

கௌசல்யா வேலைக்குப் போயிருப்பாள் என்ற தைரியத்தில், கீழேயிருந்து சொர்ணலட்சுமியின் கணவர் குருசாமி குரல் கொடுத்தார்.

"ஏ சொர்ணம்! திருடி வச்சாத்தான் தழைக்கும்னு ஒடிச்சிட்டு வந்தியே, அந்த மஞ்சப் பூக் கொப்பு, அம்புட்டுத் தண்ணி ஊத்தியும் அழுகிப்போச்சு. இன்னொண்ணு ஒடிச்சிட்டு வா!"