கோஸ் வண்டி

முதல் அடி தோளில் விழுந்ததுமே ராமையா வண்டிக்குள் ஓடினான். ஓடுகிறவன் ஒழுங்காக ஓடினானா என்றால் அதுவும் இல்லை. படியில் நின்று செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனான்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பவளத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் சேற்றுக்காலோடு ஏறி இறங்கிய மனுசன்தான்.

"செருப்பு கழட்டுற நேரமாங்க இது? திருப்பி அடிங்க."

புருசன் காதில் வாங்கவில்லை. இரண்டு கோஸ் மூட்டையை ஒரே தூக்கில் தோளுக்கு ஏற்றுகிறவன், கதவின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

"உள்ள வராதீங்க கங்காணி. கும்புட்டுக் கேக்குறேன், உள்ள வராதீங்க." ரோட்டோரம் நின்ற, தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. பவளத்துக்கு மானம் போயிற்று.

வீரப்பன் கங்காணி சிரித்தான். "கோஸ் வண்டில ஏற ஒங்கிட்ட கேக்கணுமா லா?"

எல்லாம் தராசால் வந்த வினை. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கடியில் கங்காணி முழங்காலைக் கொடுத்து எடையைக் குறைக்கிறான் என்று ராமையா துரைக்கு முன்னாலேயே சொல்லிவிட்டான். மறுநாள் வேலை போயிற்று. வேலை போனால் லயன் வீடும் போகும், அதுதான் எஸ்டேட் வழக்கம்.

மிஞ்சியது திரிங்காப் காய்கறித் தோட்டங்களில் கோஸ் ஏற்றுகிற அவனுடைய பழைய வேன். அதற்குள் மடக்குக் கட்டில் அடித்து, அடுப்பு வைத்து, தகரத்தை வெட்டி ஜன்னலும் பொருத்தி, எஸ்டேட் கேட்டுக்கு எதிரே ரோட்டோரம் நிறுத்திவிட்டான். வேலைக்குப் போகிற சனம் தினம் அங்கே நின்று தராசுக் கதையைக் கேட்டுவிட்டுப் போனது. கங்காணிக்கு வயிறு எரிந்தது.

இதை வீட்டு வண்டி என்று கவர்மென்டில் பதிந்துவிடலாம் என்று ராமையாவுக்கு ஒரு மாதமாகவே ஆசை. பவளம்தான் ஒரே பிடியாக மறுத்தாள். "வீடுன்னு எழுதிட்டா கோஸ் ஏத்த விடமாட்டான். அப்புறம் அடுப்புல எத வைக்கிறது, ஒங்க பேப்பரையா?" அவனும் அத்தோடு அந்தப் பேச்சை விட்டான். திங்கட்கிழமை பிரேக் பார்க்கணும் என்று வண்டியை மலையிறக்கிக் கொண்டுபோய் வந்ததோடு சரி.

இப்போது கங்காணி சேறு அப்பிய சப்பாத்துக் காலோடு உள்ளே ஏறினான். கவாத்து வெட்டுகிற ஆட்கள் இரண்டு பேர், மண்வெட்டிப் பிடியோடு பின்னால் ஏறினார்கள்.

விலாவில் விழுந்த அடியின் சத்தம் வெளியே கேட்டது. அடுத்தது வாயில். ராமையா துப்பிய ரத்தத்தோடு இரண்டு பல்லும் பாயில் விழுந்தது. அடுப்பு கவிழ்ந்து, கொதிக்கிற கஞ்சி அவன் பாதத்தில் கொட்டியது. அப்போதும் அவன் கை ஓங்கவில்லை. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முதுகைக் கொடுத்தான்.

பவளம் விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு படிக்கு ஓடினாள்.

"நீ வெளிய நில்லு பவளம். அடிக்காத."

அவள் கேட்பாளா? எட்டி, கங்காணியின் முழங்காலிலேயே ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் அலறிக்கொண்டு அவள் நெஞ்சில் உதைத்தான். மல்லாந்து சேற்றில் விழுந்தவள் தலை நிமிர்த்திப் பார்த்தபோது, ராமையாவின் முஷ்டி மேலே போயிருந்தது. பிறகு திரும்பவும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது.

வலிகூட அவளுக்குத் தெரியவில்லை. பெண்டாட்டியை உதைத்தவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இவனோடா இத்தனை வருசம் குடும்பம் நடத்தினோம் என்றுதான் தோன்றியது.

போலீஸ் ஜீப் வந்தது. அதற்குப் பின்னால் இழுவை லோரி. இரண்டையும் பத்து மணிக்கு வரச்சொல்லி வைத்திருந்தது கங்காணிதான். சார்ஜன் தங்கையா இறங்கி, சேற்றில் கிடந்த பவளத்தைப் பார்த்தார். படியில் ஜோடியாக இருந்த செருப்பைப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

கங்காணி நொண்டிக்கொண்டே இறங்கி வந்தான். "எஸ்டேட்டு கேட்டை மறிச்சு நிக்கிற வண்டி சார்ஜன். எடுறான்னோம், மாட்டேன்னான். கொஞ்சம் கைகலப்பாயிருச்சு."

"எங்க வச்சு அடிச்சீங்க?"

"வண்டிக்குள்ளதான். இந்தப் பொம்பளையும் என்னைய அடிச்சிருக்கா, பாருங்க."

"வண்டில நடந்த சண்டைன்னா ரெண்டு பக்கமும் பேசி அனுப்பிருவேன்," என்றார் சார்ஜன். "வீடு புகுந்து அடிச்சிருந்தாத்தான் பேச்சே கெடையாது, நேரா லாக்கப்பு."

கங்காணி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "வீடு இருந்தாத்தானே சார்ஜன் புகுறதுக்கு."

ராமையா கட்டிலை விட்டுக் கையை எடுத்தான். விரல்கள் மடங்கியபடியே இருந்தன. படுக்கைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு தாளை எடுத்து, ரத்தம் படாமல் நுனியில் பிடித்துச் சார்ஜனிடம் நீட்டினான்.

சார்ஜன் அதைப் படித்தார். கவர்மென்டு முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கங்காணியின் சப்பாத்தைப் பார்த்தார்.

ராமையா அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. வீங்கிய வாயோடு, தப்பு செய்துவிட்டவன் மாதிரி பெண்டாட்டியைத்தான் பார்த்தான்.

"இனிமே இதுல கோஸ் ஏத்த முடியாது, பவளம்."