செம்பைத் தொடாத கவ்வி

மின்கசிவு அளக்கும் மெகரின் கைப்பிடியைச் சோதனைக்காரர் சீராகச் சுழற்றுகிறார். கசிவே இல்லையென்று முள் கடைக்கோடிக்குப் போய் நிற்கிறது. மூன்று நாள் தண்ணீரில் கிடந்த கேபிள். புதுச் சரக்குகூட இத்தனை யோக்கியமாக இருக்காது. அதை விற்ற மச்சினன் சன்னல் வெயிலில் பேனாவை நீட்டுகிறான். "பாத்தீங்களா அத்தான், தங்கம். கையெழுத்தப் போடுங்க." அவர் குனிந்து பார்க்கிறார். மச்சினன் மாட்டிய கவ்வி செம்புக் கம்பியைக் கடிக்காமல் கறுப்பு உறைமேல் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. எடுத்துச் செம்பில் மாட்டிச் சுழற்றுகிறார். முழுக்கக் கசிவென்று முள் பூஜ்யத்தில் படுத்துக்கொள்கிறது. அவர் கைப்பிடியை விட்டு நிமிர்கிறார். "நாளைக்கு இதுல கரண்ட் விட்டு மோட்டாரத் தொடப்போறது நான்தான். தெரியுமில்ல?" மச்சினன் முள்ளையே பார்க்கிறான். "தெரியும். நீங்கதான் எப்பவும் ரப்பர் செருப்புல வருவீங்களே, அத்தான்."