ஒரு சாண் மேலே

அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீடு வாங்க வந்தவள். ஏழு மாத வயிறு. கணவன் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போயிருந்தான்.

"என்ன சார், பிளக் பாயின்ட் எல்லாம் நெஞ்சு உயரத்துல இருக்கு?"

வெள்ளம் வருமா, ஏரி எவ்வளவு தூரம், மழை பெய்தால் தெரு எப்படி, எல்லாவற்றுக்கும் வீட்டை விற்கிறவன் பதில் வைத்திருந்தான். இதற்கு மட்டும் இல்லை. இதற்கு முன் வந்த நான்கு பேரும் ஏரி என்றதுமே செருப்பைத் தேடியவர்கள். பிளக் வரைக்கும் யாரும் வரவில்லை.

"சின்னப் பிள்ள இருக்கிற வீடும்மா. கை வெச்சிடக் கூடாதுன்னுதான்."

நாக்கு முந்திக்கொண்டது.

கல்யாணமாகிப் பதினாறு வருடம். பிள்ளைக்காக அவனும் மனைவியும் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. எந்த வாயால் அப்படிச் சொன்னோம் என்று அவனுக்கே கூசியது.

"நல்ல யோசனை சார். எங்களுக்கும் உதவும்." அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

சமையலறை வாசலில் அவன் மனைவி. கையில் காப்பித் தட்டு.

எப்போதிலிருந்து நிற்கிறாள்?

"பாப்பா எங்கக்கா?"

மனைவி அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"டியூஷன் போயிருக்கா."

"பேரு?"

"இளவேனில்."

யோசிக்கவே இல்லை. கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து எடுத்துவைத்த பெயர். அதை அவள் வாயால் கேட்டு எத்தனையோ வருடமாயிற்று.

அவனுக்கு அவமானத்தில் காது சுட்டது. வீட்டைத் தள்ளிவிட அவன் ஒரு பொய்தான் சொன்னான். அவள் அதற்குத் தன் பிள்ளையையே கொடுத்துவிட்டாள்.

"எவ்ளோ பெரிய பொண்ணு?"

மனைவி தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். உள்ளங்கை தரையைப் பார்த்தபடி, இடுப்புக்குச் சற்று மேலே நின்றது.

"இவ்ளோ இருப்பா."

அந்த உயரம் அவனுக்குத் தெரியும். பிளக் பாயின்ட்டுக்கு ஒரு சாண் கீழே. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு முறை பெயின்ட் அடித்து அவன் மறைத்த கறை அங்கேதான் வீட்டைச் சுற்றி ஓடியது.

மாடிப்படியில் வந்தவளின் கணவன் இறங்கி வரும் சத்தம் கேட்டது.

"பாப்பா இல்லம்மா," என்று அவன் வந்தவளிடம் சொன்னான். "அது தண்ணி வந்த உயரம்."

மனைவியின் கை இன்னும் அங்கேயே நின்றது.