பத்துச் சென்ரிமீற்றர்

“லாசர் அண்ணை, இனி ஒருத்தரும் என்ரை பிக்கப்பிலை றெமோர்க் கொளுவக்கூடாது. அப்பிடி உயர்த்தித் தாங்கோ.”

லாசர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசலில் நின்ற வெள்ளைப் பிக்கப்பைப் பார்த்தார். பாரிஸ் லா சப்பலின் பின்தெருவில் இருபது வருடமாகக் கராஜ் வைத்திருப்பவர். படம் எடுத்துப் போடுவதற்காக வாகனத்தை உயர்த்தித் தரச்சொல்லி இளந்தாரிகள் வருவதுண்டு. நாற்பத்தைந்து வயதில், வயிறும் தள்ளிப்போன தவசீலன் வந்து கேட்டதுதான் புதினம்.

“ஸ்பிரிங், சொக் எல்லாம் மாத்திப் பத்துச் சென்ரிமீற்றர் உயர்த்தலாம். ஆனால் பின்னாலை இருக்கிற கொளுக்கியும் மேலை போயிடும், தம்பி. றெமோர்க் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிக்கும். ஒண்டும் இழுக்க ஏலாது.”

“அதுதான் அண்ணை எனக்கு வேணும்.”

பாரிஸில் ஒரு பிக்கப்பும், அதன் பின்னால் றெமோர்க் என்கிற இழுவைப் பெட்டியைக் கொளுவ ஒரு கொளுக்கியும் வைத்திருக்கும் தமிழனின் பாடு பெரும்பாடு. வீடு மாறுகிறவர்கள், மணவறை ஏற்றுகிறவர்கள், பழைய குளிர்பெட்டி வாங்கினவர்கள் எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் வசதி. அதையும் நேரே வந்து கேட்க மாட்டார்கள். மச்சானைப் பிடித்து, மச்சானின் சிநேகிதனைப் பிடித்துச் சொல்லியனுப்புவார்கள். மறுத்தால் மூன்று குடும்பத்தோடு கோபம். யாருடைய கட்டிலை இழுக்கிறோம் என்று தெரியாமலே தவசீலன் அரைவாசிப் பாரிஸை இடம் மாற்றியிருந்தான்.

“இந்த ஞாயிறு மகள் நிருபாவுக்கு ஜூடோப் போட்டி. போன ரெண்டு தரமும் நான் போகேல்லை. இந்த முறை என்னை வரச்சொல்லிக் கேக்கவே இல்லை, அண்ணை. ‘அம்மாவோடை போறன்’ எண்டு பிரெஞ்சிலை சொல்லிப்போட்டுப் போயிட்டாள். எனக்கு அழுகை வந்திட்டுது.”

“போட்டி எத்தினை மணிக்கு?”

“ரெண்டு மணிக்கு. ஏன்?”

“சும்மா கேட்டனான். வாரும், முன்பக்கத்தாலை தொடங்குவம்.”

பிக்கப் தூக்கும் மேடையில் மேலே ஏறியது. தவசீலன் நாடா ஒட்டிக் கட்டியிருந்த ஒரு பெட்டியில் குந்தினான். அதேபோலப் பத்துப் பதினைந்து பெட்டிகள் மூலையில் அடுக்கியிருந்தன. சுவரில் தொங்கும் சாமான்களில் பாதியைக் காணவில்லை. அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் அவன் இல்லை. மனதில் இருந்ததைக் கொட்டத் தொடங்கினான்.

“இந்த ஞாயிறும் ஒருத்தர் கேட்டிருக்கிறார். என்ரை மச்சான் ஜெனோசனோடை வேலை செய்யிற பெடியனுக்கு ஏதோ சித்தப்பா முறையாம். வில்லியே லே பெல்லுக்கு இரும்புச் சாமான் இழுக்கவேணுமாம்.”

வாகனத்துக்கு அடியில் ஸ்பானர் சத்தம் ஒரு கணம் நின்றது.

“ஆராம் அந்தாள்?”

“ஆர் கண்டது? சரியான கஞ்சனாத்தான் இருக்கும். ஒரு கமியோனை வாடகைக்கு எடுத்தால் குறைஞ்சே போவார்? ஆற்றையோ ஞாயிற்றுக்கிழமையைத் திண்டு சீவிக்கிற சனம்.”

“ஓமோம். சில சனம் அப்பிடித்தான்” என்றார் லாசர். ஸ்பானர் மறுபடியும் சுழன்றது.

“மச்சானுக்கு முதலே ஓம் எண்டு சொல்லிப்போட்டன். இப்ப எடுத்து, வாகனம் உயர்ந்துபோச்சு, கொளுவ ஏலாது எண்டு சொல்லப்போறன். வாகனத்தோடை ஆரும் கோபிக்க ஏலாதுதானே?”

“நல்ல மூளை தம்பி உமக்கு. போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு ஆறுதலா வாரும்.”

தவசீலன் முன் கடையில் இரண்டு தேத்தண்ணியும் மூன்று வடையும் முடித்தான். நடுவில் ஜெனோசனுக்குத் தொலைபேசி எடுத்து, மிகவும் கவலைப்படுகிறவன் போலக் குரலை இறக்கிச் சொன்னான்.

“பாவம் அத்தான் அந்த மனுசன். சரி, நான் பெடியனிட்டைச் சொல்லிவிடுறன்” என்றான் ஜெனோசன்.

திரும்பி வந்தபோது பிக்கப்பின் முகம் கராஜ் வாசலில் நிமிர்ந்து நின்றது. தவசீலனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கைத்தொலைபேசியில் நாலு படம் எடுத்தான். ஞாயிறு மகளின் பையைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் போய் இருப்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டே கொளுக்கியைப் பார்க்கப் பின்னால் போனான்.

கொளுக்கி முழங்கால் உயரத்தில், நேற்று இருந்த இடத்திலேயே இருந்தது.

“அண்ணை, பின்பக்கம் பழைய மாதிரியே நிக்குது. மறந்துபோனியளோ?”

லாசர் கையைத் துடைத்துவிட்டு, அவன் குந்தியிருந்த பெட்டியின் மேல் வசதியாக ஏறி இருந்தார்.

“இல்லைத் தம்பி. வாகனம் உயர்ந்துபோச்சு, இழுக்க ஏலாது எண்டு நீர் சொல்லிவிட்ட செய்தி, ரெண்டு பேரைத் தாண்டி இப்பதான் என்னட்டை வந்து சேர்ந்தது. ஞாயிறு விடிய ஆறு மணிக்கு றெமோர்க்கோடை வாரும். பதினொரு மணிக்குள்ளை இந்தக் கஞ்சன்ரை கராஜை வில்லியே லே பெல்லிலை இறக்கிப்போட்டு மகளின்ரை போட்டிக்குப் போகலாம். பின்பக்கத்தை அதுக்குப் பிறகு உயர்த்துவம்.”